பேரென்ன?

சங்கரன்கோவிலில் என் நண்பன் ஒருவன் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறான். சின்னக் கடைதான். ஆடித்தபசு சமயத்தில் மட்டும் உள்ளே நிற்க இடம் இருக்காது. கோமதி அம்மன் தபசுக் காட்சி பார்க்க வருகிற கூட்டம், பிள்ளைகளுக்கு ஒரு சட்டையோ பாவாடையோ வாங்காமல் ஊர் திரும்பாது.

கடைக்குப் பின்னால் குடோன் மாதிரி ஓர் அறை. அங்கே அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய ஷூ டப்பா. போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது, எதையோ எடுக்கப் போய் அது என் தலையில் கவிழ்ந்தது. உள்ளேயிருந்து கொட்டியவை பஸ் டிக்கெட்டுகள், ரயில் டிக்கெட்டுகள், லாட்ஜ் ரசீதுகள், ஹோட்டல் பில்கள். எல்லாம் வருஷவாரியாகப் பிரித்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தன. சில டிக்கெட்டுகளில் எழுத்தே அழிந்துவிட்டது. அவற்றின் பின்பக்கம் பேனாவால் தேதியும் ஊரும் எழுதி வைத்திருந்தான்.

நாங்கள் இருவரும் ஒன்றாக பி.காம். படித்தவர்கள். "டேய், இதையெல்லாம் எந்தக் கணக்குலடா காட்டப்போற? ஆடிட்டர் சிரிப்பாரு" என்றேன்.

அவன் குனிந்து பொறுக்கிக்கொண்டே சொன்னான்: "இது வரிக்கு இல்ல மாப்ள. நாளைக்கு யாராவது வந்து, 'மூணு வருஷத்துக்கு முன்னால இந்தத் தேதியில நீ எங்க இருந்த'ன்னு கேட்டா என்ன சொல்லுவ? ஞாபகம் இல்லைம்ப. சரின்னு போயிருவாங்க. நான் ஞாபகம் இல்லைன்னு சொன்னா?"

அவன் பெயர் இங்கே வேண்டாம். அது ஒரு முஸ்லிம் பெயர் என்று தெரிந்தால் போதும்.

அவன் மேல் எந்த வழக்கும் இல்லை. எந்த அமைப்பிலும் அவன் இல்லை. பாஸ்போர்ட் விசாரணைக்காக ஒரு தடவை போனதைத் தவிர, போலீஸ் ஸ்டேஷன் படியேறியதும் இல்லை. அவனுக்கு நேர்ந்தது வாழ்க்கையில் ஒரே ஓர் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் நானும் கூட இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2008 ஜனவரி கடைசி. தென்காசியில் கல்லூரி சிநேகிதன் வீட்டுக் கல்யாணம். தை மாதம் என்றால் எங்கள் பக்கம் வாரத்துக்கு நாலு பத்திரிகை வரும். ஆனால் அந்த வருஷம் தென்காசிக்குப் போகவே ஜனங்கள் யோசித்தார்கள். 2007 ஆகஸ்டில் அங்கே பட்டப்பகலில் நடந்த மோதலில், இரண்டு மதத்தாரும் சேர்த்து ஆறு பேர் இறந்திருந்தார்கள். அந்தப் பதற்றம் அடங்குவதற்குள், 2008 ஜனவரி 24 அன்று ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்திலும் பஸ் நிலையப் பகுதியிலும் பைப் வெடிகுண்டுகள் வெடித்தன. யார் வைத்திருப்பார்கள் என்று ஊரில் யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோரிடமும் பதில் தயாராக இருந்தது.

கல்யாணம் முடிந்து சங்கரன்கோவில் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் பஸ்ஸை நிறுத்தி ஓர் ஏட்டு ஏறினார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் "பேரென்ன?" என்றார். சொன்னேன். அடுத்து அவனிடம். சொன்னான். "இறங்கு. பையை எடுத்துக்க."

அவன் கையில் இருந்தது கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சள் தாம்பூலப் பை. மணமக்கள் பெயர் அச்சடித்தது. என் மடியிலும் அதே பை. அவனுடைய பையை ரோட்டோரம் கவிழ்த்தார்கள். ஒரு தேங்காய் உருண்டு ஓடியது. எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், தென்காசியில் யாரைப் பார்த்தாய், எத்தனை மணிக்குப் போனாய் என்று கேள்விகள். பஸ்ஸுக்குள் ஒருவர் "யாரோ பாய் போல" என்றார். "நமக்கு லேட்டாகுதே" என்றார் இன்னொருவர்.

யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. இருபது நிமிஷம் கழித்து "போ" என்றார்கள். தேங்காயைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறி வந்து உட்கார்ந்தான். ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

நான் கீழே இறங்கவில்லை. 'நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வர்றோம் சார்' என்று சொல்லவும் இல்லை.

பிப்ரவரி முதல் வாரம் பேப்பரைப் பிரித்தால், தென்காசிக் குண்டு வழக்கில் கைது. போலீஸ் பிடித்தது முஸ்லிம்களை அல்ல. இந்துத்துவ அமைப்புகளோடு தொடர்புடையவர்களை. மதப் பகையைத் தூண்டத்தான் இதைச் செய்தார்கள் என்று சொன்னதும் அதே போலீஸ்தான்.

இங்கே தமிழ்நாடு போலீஸுக்கு ஒரு சபாஷ் சொல்ல வேண்டும். ஊரே ஒரு பக்கம் கை நீட்டிக்கொண்டிருந்தபோது, அந்த விசாரணை தடயத்தின் பின்னால் போனது. அதுதான் போலீஸ் வேலை. ரோட்டில் தேங்காயை உருட்டியது வேறு வேலை. இரண்டையும் செய்தது காக்கிச்சட்டைதான் என்பதால் நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "அதெல்லாம் சரி சார், கோயமுத்தூர் நடந்ததா இல்லையா?"

நடந்தது. 1998 பிப்ரவரி 14. தொடர் குண்டுகளில் 58 பேர் இறந்தார்கள். காய்கறி வாங்கப் போனவர், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் என்று எந்தப் பாவமும் அறியாத ஜனங்கள். அதற்கு இரண்டரை மாதம் முன்பு, 1997 நவம்பர் கடைசியில் ஒரு காவலர் குத்திக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். அந்தக் கோபத்தைச் சொல்லி 58 உயிர்களுக்கு யாரும் நியாயம் கற்பிக்க முடியாது. வைத்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டியவர்கள். தண்டிக்கவும் பட்டார்கள்.

'அப்படியானால் அந்தப் பெயர்களைச் சந்தேகப்படுவதில் என்ன தப்பு?' என்பதுதான் கேள்வி. உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு, நான் படித்த பி.காம். கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன்.

கோவை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு விசாரணையைச் சந்தித்தவர்கள் 166 பேர். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு முஸ்லிம்கள் 42 லட்சத்துச் சொச்சம். சரி, கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் பத்து மடங்கு ஆட்கள் இருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 1,660 பேர். அப்போதும் சுமார் 2,500 முஸ்லிம்களில் ஒருவர்தான் வருகிறார். பெயரை மட்டும் வைத்து 2,500 பேரை பஸ்ஸிலிருந்து இறக்கினால், 2,499 பேர் துணிக்கடைக்காரர்கள், வாத்தியார்கள், வெல்டர்கள், டாக்டர்கள். அந்த ஒருவரும், போலீஸ் பெயரைத்தான் பார்க்கிறது என்று தெரிந்த மறுநாளே வேறு பெயரில் டிக்கெட் எடுத்திருப்பார்.

பி.காமில் ஆடிட்டிங் என்று ஒரு பேப்பர் உண்டு. 1896-ல் இங்கிலாந்தில் வந்த கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கைப் படிக்காமல் அதில் பாஸ் பண்ண முடியாது. ஆடிட்டர் காவல் நாயாக இருந்தால் போதும், வேட்டை நாயாக இருக்க வேண்டாம் என்று அதன் சாரத்தைச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. சந்தேகம் தரும்படி ஏதாவது கண்ணில் பட்டால், அடி வரைக்கும் தோண்டிப் பார்த்தாக வேண்டும். கவனியுங்கள், சந்தேகம் கணக்குப் புத்தகத்திலிருந்து வர வேண்டும். குமாஸ்தாவின் முகத்திலிருந்தோ ஜாதகத்திலிருந்தோ வரக்கூடாது. முன்பு ஒரு குமாஸ்தா கையாடல் செய்தார் என்பதற்காக, அவருடைய ஊர்க்காரர்கள் எழுதிய வவுச்சரை மட்டும் ஓர் ஆடிட்டர் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? கேஷியர் நிம்மதியாகத் திருடுவார்.

தென்காசியில் குண்டு வைத்தவர்கள் அந்த கேஷியர் கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். எல்லோரும் எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்முடைய சந்தேகமே அவர்களுக்குப் போர்வை.

வெளியூர் உதாரணங்களும் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் மாலேகான். 2006 செப்டம்பர் 8, ஷபே பராத் நாள், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த நேரம். மசூதியும் கபரஸ்தானும் இருக்கிற இடத்தில் குண்டு வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். கைதான ஒன்பது பேரும் முஸ்லிம்கள். பத்து வருஷம் கழித்து, 2016 ஏப்ரலில், ஒன்பது பேரையும் வழக்கிலிருந்து நீதிமன்றம் விடுவித்தது. அதற்குள் அவர்களில் ஒருவர் உயிரோடு இல்லை.

ஹைதராபாத் மெக்கா மசூதியில் 2007 மே 18 அன்று குண்டு. அதன் பின் ஏராளமான முஸ்லிம் இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சித்திரவதை செய்யப்பட்டதாகப் புகார்கள் வந்தன. நிரபராதிகள் என்று தெரிந்த பின், ஆந்திர அரசு 70 பேருக்கு நஷ்ட ஈடு கொடுத்தது. சிறையிருந்து விடுதலையான 20 பேருக்குத் தலா 3 லட்சம், பிடித்து வைத்து விட்டுவிட்ட 50 பேருக்குத் தலா 20 ஆயிரம். கூடவே நன்னடத்தைச் சான்றிதழும் கொடுத்தார்கள். 'இவர் தீவிரவாதி அல்ல' என்று அரசாங்கமே எழுதித் தரும் பேப்பர்! என் நண்பனின் ஷூ டப்பாவுக்குள் வைக்க வேண்டியது. 2013-ல் அந்த நஷ்ட ஈட்டு உத்தரவையும் உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பிறகு அதே மெக்கா மசூதி வழக்கில் விசாரிக்கப்பட்ட இந்துக்களையும் 2018-ல் நீதிமன்றம் விடுதலை செய்தது. அப்படியானால் குண்டு வைத்தது யார்? செத்தவர் குடும்பங்களுக்குப் பதில் இல்லை. முதல் சில மாதங்கள் தப்பான ஆட்களின் பின்னால் ஓடினால், தடயம் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமா?

இன்னொன்று. போலீஸுக்குத் துப்பு எங்கிருந்து வருகிறது? பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்துதான். இலங்கையில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று சர்ச்சுகளிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கும்பலின் தலைவன் ஜஹ்ரானைப் பற்றி அவனுடைய சொந்த ஊரான காத்தான்குடி முஸ்லிம்களே முன்கூட்டிப் புகார் செய்திருந்தார்கள். உரிய நேரத்தில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. குண்டு வெடித்த பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? அடுத்த மாதமே ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள். அவர் உடையில் இருந்த கப்பல் சுக்கான் படத்தை பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று நினைத்துவிட்டார்களாம்! துப்புக் கொடுக்க வேண்டிய ஜனங்களையெல்லாம் இப்படிச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தால், நாளைக்கு எவர் ஸ்டேஷன் படியேறுவார்?

இதுவரை சொன்னது எல்லாம் லாப நஷ்டக் கணக்கு. ஆனால் என்னை உறுத்துவது அது மட்டுமல்ல. பெயரைப் பார்த்துப் பிடிக்கிற இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஒரு குண்டையாவது தடுக்கிறது. அப்போது சரியாகிவிடுமா?

"ஒரு இருபது நிமிஷ அசௌகரியம்தானே, நாட்டுக்காகப் பொறுத்துக்கொண்டால் என்ன?" என்பார்கள். இதைச் சொல்வது பெரும்பாலும் இறக்கப்படாதவர்கள். ஏர்போர்ட்டில் எல்லோரும்தான் பெல்ட்டைக் கழற்றுகிறோம். யாருக்காவது அவமானமாக இருக்கிறதா? இல்லை. ஏனென்றால் எல்லோரும் கழற்றுகிறோம். அந்த பஸ்ஸில் எல்லோருடைய பையையும் பார்த்திருந்தால் ஒரு மணி நேரம் லேட்டாகியிருக்கும். என் நண்பன் அன்றிரவே அதை மறந்திருப்பான். பாதுகாப்பு என்கிற வரவு ஐம்பது பேர் கணக்கிலும், அதற்கான செலவு முழுக்க ஒருவன் கணக்கிலும் எழுதப்பட்டது. எந்த வியாபாரத்திலும் இதற்குப் பெயர் மோசடி.

இது நமக்குத் தெரியாத அநியாயமா? குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்ததே. வெள்ளைக்காரன் 1871-ல் வட இந்தியாவில் கொண்டுவந்து, 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீட்டியது. குறிப்பிட்ட ஜாதியில் பிறந்த ஆண் என்றால் ரேகை கொடுக்க வேண்டும். ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். திருடினானா என்று யாரும் கேட்கவில்லை, யாருக்குப் பிறந்தான் என்று கேட்டார்கள். உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற ஜனங்களைச் சுட்டார்கள். 16 பேர் செத்தார்கள். 1947-ல்தான் இங்கே அந்தச் சட்டம் போனது. அந்தச் சட்டத்தின் கீழ் தாத்தா ஸ்டேஷன் திண்ணையில் படுத்த குடும்பங்கள் தென்மாவட்டங்களில் இன்றும் இருக்கின்றன. அதைக் கதையாகச் சொல்லும்போது அவர்கள் குரல் இன்றும் மாறும்.

கொழும்பை நினைத்துப் பாருங்கள். 2007 ஜூன் 7, விடியற்காலை. லாட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் 300-க்கும் மேற்பட்டோரை எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, நகரத்தை விட்டே அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர், விசாவுக்கு வந்தவர், வேலை தேடி வந்தவர் எல்லோரும் அதில் இருந்தார்கள். அரசாங்கம் சொன்ன காரணம் என்ன? கொழும்பில் குண்டு வைப்பது புலிகள், புலிகள் தமிழர்கள், எனவே லாட்ஜில் இருக்கும் தமிழர் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்கள். மறுநாளே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. செய்தி வந்தபோது இங்கே நமக்கு எவ்வளவு கொதித்தது! சிங்களப் போலீஸ் சொன்ன தர்க்கத்தில் 'தமிழர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு ஒரு சொல்லைப் போட்டால், நம்மில் பலர் டீக்கடையில் பேசுகிற தர்க்கம் அதுதான்.

அந்த ஏட்டு மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் காலையிலிருந்து நின்றிருப்பார். மேலே இருந்து என்ன சொன்னார்களோ அதைச் செய்தார். போலீஸ் சந்தேகப்படவே கூடாது என்று நான் சொல்லவும் இல்லை. வெடிமருந்து யார் வாங்கினார், பணம் எங்கிருந்து வந்தது, போனில் யார் யாரோடு பேசினார், மேடையில் யார் கொலைவெறி பேசினார் என்று தோண்டட்டும். அது ஒரு முஸ்லிம் வீட்டு வாசலில் போய் முடிந்தால் கதவைத் தட்டட்டும். இந்து வீடாக இருந்தாலும் தட்டட்டும். ஒரு மனிதன் செய்ததற்காக அவனைச் சந்தேகித்தால், அவனால் பதில் சொல்ல முடியும். 'நான் அதை வாங்கவில்லை, அங்கே போகவில்லை' என்று நிரூபிக்க முடியும். பெயருக்காகச் சந்தேகித்தால் அவன் எதை நிரூபிப்பான்? தன் பெயர் தன் பெயர் இல்லை என்றா? வேறு வழி தெரியாமல்தான் என் நண்பன் டிக்கெட் சேர்க்கிறான்.

கடைசியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். அன்றைக்கு அவன் பையை ரோட்டில் கவிழ்த்தபோது, ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, 'உள்ளே ஏதாவது இருந்துவிடுமோ?' என்று எனக்கும் தோன்றியது. மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் அம்மா கையால் நான் சாப்பிட்ட பெருநாள் பிரியாணிக்குக் கணக்கில்லை. அந்தப் பையில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அதே பை என் மடியில் இருந்தது. இருந்தும் தோன்றியது. போலீஸ் ஒரு பெயரைப் பிரித்து நிறுத்தினால், பஸ்ஸுக்குள் இருக்கிற ஐம்பது பேருக்கும் அது தொற்றிக்கொள்கிறது. சிநேகிதனுக்கும்.

இதை அவனிடம் நான் சொன்னதில்லை. ஷூ டப்பா கவிழ்ந்த அன்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "நீ பஸ்ல உட்கார்ந்திருந்தப்பவே உன் மூஞ்சியில தெரிஞ்சுது மாப்ள" என்றான்.

இத்தனை வருஷம் அவன் அதைத் தெரிந்துகொண்டேதான் என்னோடு பழகியிருக்கிறான்.

அவன் மகன் இந்த வருஷம் சென்னையில் காலேஜ் சேர்ந்திருக்கிறான். பெட்டி கட்டும்போது, டிக்கெட் எல்லாம் போட்டு வைக்க அவனுக்கும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கிக் கொடுத்திருக்கிறான் அப்பா. பையன் சிரித்தானாம். அவன் சிரித்தது சரியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கம் செய்யட்டும். நீங்களும் நானும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை உங்கள் பஸ்ஸில், ரயிலில், மால் வாசலில் பெயரைக் கேட்டோ தாடியைப் பார்த்தோ ஒருவரை மட்டும் தனியே நிறுத்தினால், எழுந்து போய் அவர் பக்கத்தில் நில்லுங்கள். சண்டை போட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். "என் பையையும் பாருங்க சார்" என்று சொன்னால் போதும்.

அந்த நான்கு வார்த்தை 2008-ல் எனக்கு வாயில் வரவில்லை.